சுவரில் ஓர் ஓ.பி. சீட்டு

என் எழுத்து எனக்குத் தெரியாதா? கூடத்துக்குள் கால் வைத்த உடனே தெரிந்துவிட்டது.

அது ஒரு தேவாலயத்தின் அடித்தளக் கூடம். டிசம்பர் மாதக் கடைசி வாரம், மதியச் சாப்பாட்டு நேரம். கையில் எலுமிச்சைச் சாதப் பாத்திரம், உடம்பில் கனத்த கோட், மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால், எதிர்ச் சுவரில் ஆளுயர அட்டை. நான் ஒரு துண்டுத் தாளில் ஆங்கிலத்தில் கிறுக்கியது, எழுத்துக்கு எழுத்து பெரிதாக்கப்பட்டு அதில் ஒட்டியிருந்தது.

'இரத்த அழுத்தம் 230/140. இரண்டு கால்களிலும் வீக்கம். சிறுநீரில் புரதம் மிக அதிகம். இன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். தாமதிக்கக் கூடாது.'

கீழே என் கையெழுத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்திருந்தார்கள். அட்டையின் உச்சியில் சிவப்பு மையில், 'இது போலியாம்' என்று எழுதியிருந்தது.

பக்கத்தில் நின்ற என் கணவர் சுந்தரமும் அதைப் பார்த்துவிட்டார் என்பது அவர் இருமிய விதத்திலேயே தெரிந்தது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் மளிகைச் சீட்டில் அவர் தினமும் பார்க்கிற எழுத்துதானே.

நான் தாண்டிப் போன இடம்

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி கோபமாகக் கடிதம் போட்டிருந்தார். 'நியூ ஜெர்சியில் சிறை டாக்டராக இருந்தேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே பனியில் கார் சறுக்கிய கதைக்குப் போய்விட்டீர்களே' என்று கேட்டிருந்தார். அம்மா, தெரிந்தேதான் போனேன். கார் சறுக்கிய கதையில் எனக்கு அவமானம் ஒன்றும் இல்லை.

எண்பதுகளில் என்னைப் போல மெட்ராஸில் படித்துவிட்டு வந்த டாக்டர்களுக்கு அமெரிக்காவில் நல்ல ஆஸ்பத்திரிகளில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த ஊர் டாக்டர்கள் போக விரும்பாத இடங்களின் கதவுதான் எங்களுக்குத் திறக்கும். எனக்குத் திறந்தது ஒரு சிறைச்சாலையின் மருத்துவப் பிரிவு. எந்தச் சிறை என்று கேட்காதீர்கள், சொல்வதாக இல்லை.

அந்த வேலையை வைத்துத்தான் எங்கள் கிரீன் கார்டுக்கு மனு போட்டிருந்தோம். வேலை போனால் மனுவும் போகும், மனு போனால் நாங்களும் பெட்டி கட்ட வேண்டியதுதான். இதைச் சுந்தரம் எனக்கு வாரம் ஒரு முறையாவது நினைவுபடுத்துவார். நான் மறந்த மாதிரி.

தேவாலயத்துக்கு என்னை அழைத்தவர் டோலோரஸ். மருத்துவப் பிரிவில் என்னோடு வேலை பார்த்த நர்ஸ், கறுப்பினப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "எங்க குவான்ஸாவுக்கு வாங்க டாக்டர், சாப்பாடு நல்லா இருக்கும்" என்றுதான் கூப்பிட்டார். (அவர்கள் எல்லோரும் பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்த தொனியில் தமிழில் எழுதுகிறேன்.) குவான்ஸா என்பது ஆப்பிரிக்க அறுவடை விழாக்களை நினைத்துக் கறுப்பின மக்கள் வருடக் கடைசியில் ஏழு நாள் கொண்டாடுவது. பாய் விரித்து, மக்காச்சோளமும் பழமும் பரப்பி, நாளுக்கு ஒன்றாக ஏழு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நம்ம பொங்கல் மாதிரி என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பிஸ்கட்டவேயில் எங்கள் அடுத்த வீட்டுத் தமிழ்ப் பெண்மணி, நாங்கள் போகும் இடத்தைக் கேட்டதும், "அந்த ஏரியாவுக்கா போறீங்க? கார் கதவை லாக் பண்ணிக்கோங்க" என்றார். என்ன பேச்சு இது என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தத் தெருவுக்குள் திரும்பியதும் என் கை தானாகப் போய்க் கதவை லாக் பண்ணியது. அதையும் எழுதிவிடுகிறேன்.

சீட்டு யாருடையது

நம் ஊர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு ஓ.பி. சீட்டைத் தெரியும். வாசலில் வரிசையில் நின்று வாங்குகிற காகிதம். டாக்டர் அதில்தான் எழுதுவார். எழுதி முடித்ததும் நோயாளியிடமே கொடுத்துவிடுவார். அவர் அதை நாலாய் மடித்து மடியிலோ, பிளாஸ்டிக் கவரிலோ, சட்டைப் பையிலோ வைத்துக்கொண்டு, அடுத்த தடவை கொண்டுவருவார்.

பயிற்சி டாக்டராக மெட்ராஸில் இருந்தபோது ஒரு நாளைக்கு நூறு சீட்டுக்குக் குறையாமல் எழுதியிருப்பேன். வியர்வையில் ஊறியது, குழந்தை மென்று துப்பியது, மஞ்சள் பட்டது என்று வராத சீட்டு கிடையாது. ஆனால் சீட்டு நோயாளியுடையது. அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அமெரிக்கச் சிறையில் அப்படி இல்லை. டாக்டர் எழுதுவது கைதியின் ஃபைலில் மட்டும் இருக்கும். ஃபைல் அலமாரியில் இருக்கும். அலமாரிச் சாவி தலைமை டாக்டரிடம் இருக்கும். கைதியின் கையில் ஒரு வரி கூடப் போகக் கூடாது. இதை எனக்கு யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த டிசம்பர் தொடக்கத்தில் வால்டர் வந்தார். முப்பது வயதைத் தாண்டியவர். ஒரு கடையில் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்த வழக்கு. செய்யவில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தலைவலி தாங்கவில்லை, கண் மங்கலாகத் தெரிகிறது என்றார். வீங்கிய கால் உள்ளே நுழையாமல் ஷூவை மிதித்து மடக்கிப் போட்டிருந்தார். அழுத்தத்தை இரண்டு முறை பார்த்தேன், மூன்றாவது முறை வேறு கருவியில் பார்த்தேன். கண்ணுக்குள் பார்த்தால் இரத்தக் கசிவு. சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருந்தது. ஒரு நாள் தாமதித்தாலும் ஆபத்து.

இருந்த மாத்திரையைக் கொடுத்தேன். ஃபைலில் எழுதினேன். பிறகு பழக்க தோஷம், ஒரு துண்டுத் தாளில் அதையே சுருக்கி எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினேன்.

"பத்திரமா வெச்சுக்கோங்க. ஆஸ்பத்திரிக்குப் போனதும் அங்க இருக்கிற டாக்டர்கிட்ட காட்டுங்க."

வால்டர் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இது எனக்கா?" என்றார்.

"உங்களுக்குத்தான். உங்க உடம்பைப் பத்திதானே எழுதியிருக்கு" என்றேன்.

மூன்று வாரம்

அவரை அன்று அனுப்பவில்லை. மறுநாளும் அனுப்பவில்லை. தலைமை டாக்டரிடம் கேட்டேன். காவலுக்கு ஆள் இல்லை, வண்டி இல்லை, பார்க்கலாம் என்றார். இன்னொரு நாள் கேட்டேன். "உங்கள் விண்ணப்பம் எந்த அளவில் இருக்கிறது டாக்டர்?" என்று சிரித்த முகத்தோடு திருப்பிக் கேட்டார். எந்த விண்ணப்பம் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த வாரம் வால்டரின் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். நான் எழுதிய பக்கம் அதில் இல்லை.

இந்த இடத்தில்தான் நான் மேஜையைத் தட்டினேன் என்று எழுத ஆசை. வீட்டில் சாம்பாரில் உப்புக் குறைந்தால் தட்டுகிற ஆள்தான் நான். அன்று ஃபைலை மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

இதற்குள் வால்டர் அந்தச் சீட்டை ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த அம்மாவிடம் கொடுத்திருந்தார். அந்தத் தேவாலயத்தில் கைதிகளின் குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். ஞாயிறுதோறும் ஒரு பழைய பஸ்ஸில் தாய்மார்களையும் மனைவிமார்களையும் சிறைக்கு அழைத்து வருவார்கள். உள்ளே அடி விழுந்தால், மருந்து கிடைக்காவிட்டால், கடிதம் எழுதுவார்கள், வாசலில் அட்டை பிடித்து நிற்பார்கள். ஞாயிறு டியூட்டியில் ஜன்னல் வழியாக அந்த பஸ்ஸை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

சீட்டு குழுவின் கைக்குப் போய், அவர்கள் சிறை நிர்வாகத்துக்கும் அதிகாரிகளுக்கும் நகல் அனுப்பிவிட்டார்கள். சிறை நிர்வாகம் ஒரே வரியில் பதில் சொன்னது. அப்படி ஒரு பரிசோதனையே நடக்கவில்லை, சீட்டு போலி. போலி ஆவணம் தயாரித்த குற்றத்துக்காக வால்டரைத் தனிக்கொட்டடியில் போட்டார்கள். பார்வையாளர் கிடையாது. மாத்திரை எப்போது போனது, போனதா என்பது எனக்கே தெரியாது.

அது போலி இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். அவள் எலுமிச்சைச் சாதத்தோடு அந்தக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"மீனா, கிளம்பு"

டோலோரஸ் வந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னை ஏமாத்திக் கூட்டிட்டு வந்துட்டீங்க" என்றேன்.

"ஆமா" என்றார், கூசாமல். "உங்க கையெழுத்து இவங்க யாருக்கும் புரியலை, இருந்தாலும் அதை மறைச்சு ஒட்டினது நான்தான். யார் எழுதினதுன்னு இங்க யாருக்கும் சொல்லலை. அதை நான் சொல்லக் கூடாது. சொன்னா நீங்கதான் சொல்லணும்."

உட்காரவைத்தார்கள். ஆண்களும் பெண்களும் கண்ணைப் பறிக்கும் துணிகளில் இருந்தார்கள். நடுவில் இரண்டு பேர் மத்தளம் மாதிரி ஒன்றை மடியில் இடுக்கித் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஈரக் கோட்டுகளின் வாடையும் காபியின் வாசனையும் கலந்து அடித்தன. தட்டில் சோளரொட்டி, கீரை, நம்ம காராமணி. சுந்தரம் சைவம். வேறு நாளாக இருந்தால் கீரையில் என்ன போட்டிருக்கிறது என்று மூன்று பேரையாவது விசாரித்திருப்பார். அன்று தட்டைத் தொடக்கூட இல்லை.

"மீனா, கிளம்பு" என்றார் தமிழில், முகத்தில் சிரிப்பை மாற்றாமல். எங்களைச் சுற்றி இருந்தவர்களுக்கு நாங்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் இருந்திருக்கும்.

"எப்படிங்க கிளம்பறது?"

"கோட்டை மாட்டிக்கிட்டு கிளம்பறதுதான். நமக்கு எதுக்கு இந்த வம்பு? இன்னும் நாலு மாசத்துல இன்டர்வியூ லெட்டர் வந்துடும். அதுக்கப்புறம் நீ என்ன வேணா சைன் பண்ணு, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

"நாலு மாசம் வால்டர் உயிரோட இருக்கணுமே."

சுந்தரம் கோட்டை எடுத்துக்கொண்டார். காரை ஸ்டார்ட் பண்ணி ஹீட்டர் போட்டு வைப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் வாய்விட்டுச் சொன்னதை நான் மூன்று வாரமாக மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது மத்தளம் நின்றது. அவர்களுக்கு ஒரு வழக்கம். போதகர் ஒரு மரக்கிண்ணத்திலிருந்து செடியின் மேல் தண்ணீர் விடுவார், கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து இறந்துபோன தங்கள் மனிதர்களின் பெயரைச் சொல்வார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் தண்ணீர். தாத்தா பெயர், அக்கா பெயர், சின்ன வயதிலேயே போன ஒரு மகளின் பெயர். சொல்லச் சொல்லக் கூடம் அமைதியாகிக்கொண்டே வந்தது.

முன்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார். ஒல்லியான உடம்பு, தலையில் மஞ்சள் துணி சுற்றியிருந்தார்.

"என் பேர் எட்னா. நான் செத்தவங்க பேரைச் சொல்ல எழுந்திருக்கலை. என் பையன் உயிரோட இருக்கான். தண்ணியை ஊத்தாதீங்க பாஸ்டர். பேரை மட்டும் சொல்றேன். வால்டர்."

போதகர் கிண்ணத்தைச் சாய்க்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நிமிஷம் என்னை நானே வெறுத்தேன். கௌரவமாக எழுத வேறு வார்த்தை இல்லை.

சமையலறையில்

அத்தனை பேர் நடுவில் எழுந்து நிற்கும் தைரியம் எனக்கு வரவில்லை. எட்னா அம்மாள் சமையலறைக்குப் போனதும் பின்னாலேயே போனேன். அவர் பெரிய அண்டாவில் காராமணியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சீட்டை எழுதினது நான்" என்றேன்.

கரண்டியை வைத்துவிட்டுக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டார். கட்டிப்பிடிப்பாரா, திட்டுவாரா, எனக்குத் தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை.

"அவனை நீங்க கிட்டப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எப்படி இருந்தான்? தானா நடந்து வந்தானா? என்னை உள்ளே விடமாட்டேங்கறாங்க."

"நடந்துதான் வந்தார். கால் வீங்கியிருந்துச்சு, ஷூ சரியா போட முடியலை."

"இந்தக் குளிர்லயா?" என்றார். அவருக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. இரத்த அழுத்தம் எவ்வளவு என்பதைவிட, சிறுநீரகத்தைவிட, மகன் சிமென்டுத் தரையில் கால் முழுக்க மூடாமல் நிற்பதுதான். நாற்காலியை இழுத்து என்னை உட்காரச் சொன்னார். "எங்க வக்கீல் மேலதான் இருக்கார். கூப்பிடட்டுமா?"

கூப்பிடுங்கள் என்றேன்.

வக்கீல் இளைஞர், மளமளவென்று கேட்டு எழுதினார். பாதி வாக்குமூலம் முடிந்திருக்கும், சுந்தரம் வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார், வக்கீலின் மஞ்சள் தாள்களைப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன்.

"காரை ஆஃப் பண்ணிட்டு வந்துட்டேன்" என்றார். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். எழுதி முடிக்கிற வரை அங்கேயே இருந்தார். மனிதர் எத்தனையோ விஷயத்தில் என் உயிரை வாங்கியிருக்கிறார். அந்த ஒன்றுக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம்.

நீதிமன்றத்தில்

புது வருடம் பிறந்த கையோடு நீதிபதியின் அறையில் விசாரணை. நிர்வாகத்தின் வக்கீலுக்கு என் எழுத்தை மறுக்க வழியில்லை. பத்து ஃபைல்களில் அதே எழுத்து இருந்தது. எனவே வேறு பக்கமாக வந்தார்.

"மருத்துவக் குறிப்பைக் கைதியிடம் கொடுக்கக் கூடாது என்ற விதி உங்களுக்குத் தெரியாதா?"

"அன்னிக்குத் தெரியாது. பிறகு தெரிஞ்சுது."

"எந்த டாக்டராவது அப்படிக் கொடுப்பாரா?"

"எங்க ஊர்ல எல்லாரும் கொடுப்போம். இன்னிக்குப் பார்த்த டாக்டர் நாளைக்கு இருக்க மாட்டார். நோயாளிதான் எல்லா இடத்துக்கும் போறவர். அதனால சீட்டு அவர்கிட்ட இருக்கும்."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, தலைமை டாக்டரின் சாவி போட்ட அலமாரியிலிருந்து அந்தப் பக்கம் எங்கே போனது என்று நிர்வாகத்தின் வக்கீலைக் கேட்டார். அவர் காகிதங்களைப் புரட்டினார். அன்று மாலைக்குள் வால்டரை மருத்துவமனைக்குக் கொண்டு போக உத்தரவாயிற்று.

என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடித்துவைக்கப்பட்டது. கிரீன் கார்டு மனுவும் செத்தது. பெட்டி கட்டும் அளவுக்குப் போய், சுந்தரத்தின் கம்பெனி வழியாக மறுபடி மனுப் போட்டு, அது கைக்கு வரச் சில வருடங்கள் ஆயின. மான்மவுத் ஜங்ஷனில் ஒரு பிறந்தநாள் விருந்தில் ஒரு டாக்டர் அங்கிள், "ஒரு கைதிக்காகவாம்மா இதெல்லாம்?" என்று கேட்டார். கேக்கை அவர் சட்டையில் பூசாமல் வந்தது என் வாழ்நாள் சாதனை.

மருத்துவமனையில்

ஒரு சனிக்கிழமை எட்னா அம்மாளைக் காரில் ஏற்றிக்கொண்டு வால்டரைப் பார்க்கப் போனேன். கணுக்காலைக் கட்டிலோடு சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். அறைக்கு வெளியே நாற்காலியில் காவலர். கட்டிலுக்குப் பக்கத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் வீக்கம் வடிந்து, இன்னும் இளையவராகத் தெரிந்தார். எட்னா அம்மாள் தான் கொண்டுவந்த கம்பளிக் காலுறையை, சங்கிலி போட்ட காலுக்கும் எப்படியோ மாட்டிவிட்டார். பிறகு நர்ஸோடு பேச வெளியே போனார்.

வால்டர் எனக்கு நன்றி சொன்னார். நான் வேண்டாம் என்றேன்.

"ஒண்ணு கேக்கறேன் டாக்டர். நீங்க எழுதின அன்னிக்கே என்னை இங்க கொண்டு வந்திருந்தா, இந்த மெஷின் தேவைப்பட்டிருக்குமா?"

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு டாக்டர்களிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். உறுதியாகச் சொல்ல முடியாது, ஒவ்வொரு உடம்பும் ஒரு மாதிரி. வாய் வரை வந்ததை மென்று விழுங்கினேன்.

"அநேகமா தேவைப்பட்டிருக்காது" என்றேன்.

அவர் சங்கிலி போட்ட காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

"அம்மா அந்தச் சீட்டைத் தூக்கிக்கிட்டு மூணு வாரம் அலைஞ்சிருக்காங்க. யாரும் நம்பலையாம். நீங்க அப்ப எங்க இருந்தீங்க? உங்க ஊருக்குப் போயிருந்தீங்களா?"

அவர் குத்திக் கேட்கவில்லை. நான் ஊரில் இருந்திருக்க மாட்டேன் என்று நிஜமாகவே நம்பியிருந்தார். அது அவர் முகத்தில் தெரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட நம்பியிருப்பார்.

"இல்லை" என்றேன். "தினமும் வேலைக்கு வந்துட்டுதான் இருந்தேன்."